தம்பியின் வழக்குக்காக நெடுந்தீவு வரை போய் வந்தேன்

கடந்த மார்ச் மாதம் ஐந்து நாட்கள் இலங்கையில் இருந்தேன். யாழ்ப்பாணம், நெடுந்தீவு, ஊர்காவற்றுறை. படம் அதிகம் எடுக்கவில்லை. எடுத்ததில் பாதி பேருந்து நேரப் பலகைகள்.

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், தனியாகக் கிளம்பும் பெண்களுக்காகத் தேவாலயம், கடற்கரை, மலிவான விடுதி என்று எழுதுவேன். இந்தப் பதிவு வேறொரு வீட்டாருக்கு. கடலில் எல்லை தாண்டியதாகக் கைதாகி அக்கரையில் இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டியவர்களுக்கு. நான் கிளம்புமுன் இணையத்தில் தேடியபோது நயினாதீவுக்குப் போகும் வழி பற்றி எத்தனையோ பதிவுகள் கிடைத்தன. இதற்கு ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். நான் ராமநாதபுரத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். என் தம்பி ஜெரோம், இருபத்தாறு வயது, வேறொருவரின் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை போன படகு திரும்பவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாருடைய போனிலும் அந்தச் செய்தி வந்தது: நெடுந்தீவுக் கடலில் ஒரு படகு, ஏழு பேர். பட்டியலில் ஐந்தாவது பெயர் ஜெரோம்.

எங்கள் ஊரில் இது நடக்காத வீடு குறைவு. பொதுவாக வீட்டிலிருந்து யாரும் போவதில்லை. தூதரகம் வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும், சங்கத்தார் மறியல் செய்வார்கள், தலைவர்கள் கடிதம் எழுதுவார்கள், நாம் காத்திருப்போம். நான் காத்திருக்க முடியாததற்குக் காரணம் ஜெரோமுக்கு வலிப்பு நோய் உண்டு. தினமும் இரண்டு வேளை மாத்திரை. படகில் தெரிந்தால் ஆள் சேர்க்க மாட்டார்கள் என்று அதை மறைத்தே தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். கைதான நான்காம் நாள் தூதரகம் ஏற்பாடு செய்த யாழ்ப்பாண வழக்கறிஞர் போனில் சொன்னார்: பிடித்துக் கரைக்குக் கொண்டுவரும்போதே அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. சிறையில் மருத்துவர் பார்க்கிறார். ஆனால் என்ன மாத்திரை என்று கேட்டால் "வெள்ளையா, நடுவில கோடு போட்டிருக்கும்" என்பதைத் தவிர இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த தவணை மறுவாரம் வெள்ளிக்கிழமை, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில். என்னிடம் கடவுச்சீட்டு இருந்தது. புதன்கிழமைக் கப்பலுக்கு இடம் போட்டேன்.

எங்கள் கரையிலிருந்து அந்தக் கரை எவ்வளவு பக்கம் என்று ஜெரோமைக் கேட்டால் பீடியைப் பற்றவைத்து முடிக்குமுன் கணக்குச் சொல்லிவிடுவான். சட்டப்படி போக வேண்டுமென்றால் வழி வேறு. தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாகப்பட்டினம், பேருந்தில் ஏழரை மணி நேரம். துறைமுகத்துக்குக் காலை ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். கப்பல் ஏழரைக்குக் கிளம்பி காங்கேசன்துறையில் பதினொன்றரைக்குச் சேர்ந்தது. ஒரு வழிக் கட்டணம் எனக்கு 4,250 இந்திய ரூபாய். பயண அனுமதியை முன்னதாகவே இணையத்தில் வாங்கிவிட்டேன். அதில் காரணம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று போட்டிருந்தேன். அடுத்தவர் விண்ணப்பத்தில் ஓர் எழுத்து தவறினாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். அந்தப் பெட்டியில் டிக் போட்டதும் என் கைதான்.

காங்கேசன்துறையில் குடிவரவு அதிகாரி ஒரு பெண். "எங்கே எல்லாம் போவீங்க?" என்று மெதுவான தமிழில் கேட்டார்.

"நயினாதீவு, நெடுந்தீவு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"தனியாகவா?"

"ஆமாம்."

என் பையில் மூன்று மாதத்துக்கான மாத்திரைகள் இருந்தன. யாருக்கு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. முத்திரை குத்தினார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து, 18 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், 100 இலங்கை ரூபாய். பக்கத்து இருக்கையில் ஒருவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் முதல் பக்கத்தில் இந்தியப் படகுகளின் படம். "இழுவைமடிக்கு எதிராகத் தீவக மீனவர் போராட்டம்" என்று தலைப்பு. இழுவைமடி என்பது கடலடியை வாரி இழுக்கும் எங்கள் படகுகளின் வலை. நாங்கள் விசைப்படகு என்பதை அவர்கள் றோலர் என்கிறார்கள். பேருந்தில் யாரும் என்னைத் தவறாகப் பார்க்கவில்லை. ஆனாலும் நடத்துநரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வார்த்தை பேசினால் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்துவிடும்.

வழக்கறிஞர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் அலுவலகத்தில் என் காகிதங்களை மேசைமேல் பரப்பினேன். அவர் இரண்டைக் கையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்கடை டொக்டர் எழுதின துண்டிலை இருக்கிற பேர் வேறை. இஞ்சை பதிஞ்ச பேர் வேறை. பாத்தீங்களோ?"

பார்த்தேன். மருத்துவச் சீட்டில் 'ஜெரோம் குமார்'. நீதிமன்றப் பதிவில் அப்பா பெயரோடு சேர்த்து 'ஜெரோம் அந்தோணி'. இதே சிக்கலைத்தான் தினமும் பத்துப் பேருக்குத் திருத்திக் கொடுக்கிறேன். வீட்டில் ஒருவனுக்குத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

"அவரைப் பிடிச்ச அண்டைக்கு நெடுந்தீவிலை இறக்கி ஆஸ்பத்திரியிலை காட்டினவை. வலிப்பு வந்தது எண்டு அங்கை எழுதின துண்டு ஒண்டு இருந்தால், ரெண்டையும் சேர்த்து நீதவானிட்டைக் குடுக்கலாம். இந்த மாத்திரையைத்தான் குடுக்க வேணும் எண்டு கட்டளை கேக்கலாம்."

"போன்ல கேட்டு வாங்க முடியாதாம்மா?"

"போனிலை கேட்டால் பதில் வரும், கையெழுத்து வராது. ஆராவது போக வேணும். என்னாலை நாளைக்கு ஏலாது, வேறை வழக்கு இருக்கு."

ஆக வியாழக்கிழமை நான் அந்த அதிகாரியிடம் சொன்னபடியே நெடுந்தீவுக்குக் கிளம்பினேன்.

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் 776ஆம் இலக்கப் பேருந்து, காலை 6.40. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு மணி இருபது நிமிடம், 200 ரூபாய். நயினாதீவுப் படகுக்கும் நெடுந்தீவுப் படகுக்கும் இங்கேதான் வர வேண்டும். வரிசை வேறு வேறு, கவனியுங்கள். நெடுந்தீவுப் படகு ஒன்பது மணிக்கு. ஒரு மணி நேரக் கடல். காற்று இருந்தால் ஆட்டம் அதிகம். நடுப்பகுதியில் உட்காருங்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் புது நைலான் நூல் உருண்டைகள் நிறைந்த பை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஜெசிந்தா என்றார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஒரு வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்கள் இந்தியாவோ? கதையிலை தெரியுது. எவடம்?"

"மதுரை" என்றேன்.

"ஓ, கடல் இல்லாத ஊர்" என்று சிரித்தார். பிறகு பையைத் தட்டிக் காட்டினார். "இது வலை பொத்துறதுக்கு. எங்கடை வலை எல்லாம் போச்சுது. உங்கடை றோலர்காரர் இழுத்துக்கொண்டு போட்டினம். குறை நினையாதேங்கோ, உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் மதுரை தானே."

அந்த ஒரு மணி நேரம் எனக்கு நீளமாக இருந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார். மாடுகள், மழை, கொழும்பில் படிக்கும் மகள். இறங்கும்போது தன் போன் எண்ணைக் கொடுத்து, "கடைசிப் படகு மூண்டு மணிக்கு. விட்டிட்டீங்கள் எண்டால் எங்கடை வீட்டுக்கு வாங்கோ, ஒண்டும் யோசிக்காதேங்கோ" என்றார்.

இறங்குதுறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், 400 ரூபாய். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் அடுக்கிய வேலிகள், பனை, தூரத்தில் குதிரைகள். ஆட்டோக்காரர் கோட்டையையும் பெயர்போன பெருக்க மரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றார். ஆஸ்பத்திரி மட்டும் போதும் என்றதும் திரும்பிப் பார்த்தார். "சுகமில்லையோ?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

தாதியிடம் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன். இங்கே பொய் சொல்ல வழியில்லை. அவர் பதிவேட்டைத் திறக்கும் முன்பே சொன்னார்: "அந்தப் பெடியனோ? தெளிஞ்ச உடனை 'அக்கா, அக்கா' எண்டு கூப்பிட்டவர். நான் தான் பக்கத்திலை நிண்டனான். என்னைத்தான் கூப்பிடுறார் எண்டு நினைச்சன்."

பதிவேட்டில் பெயர் சரியாக இருந்தது. ஜெரோம் அந்தோணி. கையெழுத்துப் போட வேண்டிய ஒரே மருத்துவர் தீவின் மறுபக்கத்துக் கிளினிக்குக்குப் போயிருந்தார். பதினோரு மணிக்கு வருவார் என்றார்கள், பிறகு ஒரு மணிக்கு என்றார்கள். இரண்டரைக்கு வாசலில் நின்று இறங்குதுறைப் பக்கம் பார்த்தேன். படகா, காகிதமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. உள்ளே போய் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். மருத்துவர் மூன்றே முக்காலுக்கு வந்தார். களைத்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டு, நான்கு வரி எழுதி, கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். எனக்கு அதைப் படிக்கக்கூட வரவில்லை, எழுத்துகள் ஆடின. நான்கு முறை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்தேன்.

படகு போய்விட்டது. நாளை காலை ஒன்பதரைக்கு நீதிமன்றம். ஜெசிந்தா அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவர்கள் வீடு கடற்கரையிலிருந்து இருநூறு மீட்டர். முற்றத்தில் அவர் கணவர் அன்ரன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலில் வலையை மாட்டிக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பொத்துகிற துண்டைவிடக் கிழிந்த துண்டுதான் அதிகம் கிடந்தது. ஆறரை மணிக்கெல்லாம் புட்டும் மீன் குழம்பும் வைத்தார்கள். சாப்பிடும்போது அன்ரன் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலை என்ன அலுவல்?"

பதில் யோசித்தேன். தலைவலி, வயிற்றுவலி, எது சொன்னாலும் போதும். அவர் மறுபடி ஒன்றும் கேட்காமல் எனக்கு இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தார். என்னால் அதைத் தொட முடியவில்லை.

"அண்ணே, நான் மதுரை இல்லை. தங்கச்சிமடம். என் தம்பி போட்ல பிடிபட்டு இங்கே ஜெயில்ல இருக்கான்."

"எப்ப பிடிச்ச போட்?"

கிழமையைச் சொன்னேன். அவர் கையைக் கழுவினார். ஜெசிந்தா அக்கா அசையாமல் நின்றார்.

"அண்டைக்குப் பதினாறு வலை போட்டனான்" என்றார் அன்ரன். குரல் உயரவில்லை. "விடிய ரெண்டு மணி. நான் வலைக்குப் பக்கத்திலைதான் நிண்டனான். லைற் அடிச்சுக் காட்டினனான், கத்தினனான். அவங்கள் ஒரு பத்துப் பாகம் தூரம் விலகியிருந்தால் காணும். மேலாலை போனவங்கள். ரெண்டு வலை மிச்சம். உம்மடை தம்பியின்ரை போட் தானோ, பக்கத்துப் போட் தானோ எனக்குத் தெரியாது. ஒரு கூட்டமாத்தான் வந்தவை."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிடிபட்டதுக்கு நான் ஒண்டும் கதைக்கேல்லை. நீர் மதுரை எண்டு சொல்லி என்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டனீர். அதுதான்."

"சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றார் ஜெசிந்தா அக்கா. "பேந்து கதையுங்கோ."

அன்ரன் எழுந்து வெளியே போனார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பட்டுமா என்று கேட்டேன். "எங்கை போவீர்? இரும்" என்றார் அக்கா. முதல்முறையாக 'நீர்' என்றார். என்மேல் கோபமா, என்னை நெருங்கிவிட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. என் தம்பிக்கு எப்போதிலிருந்து வலிப்பு என்று கேட்டார். பத்து வயதிலிருந்து என்றேன். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து அன்ரன் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வழக்கு எத்தினை மணிக்கு?"

"ஒன்பதரை."

"காலமைப் படகுக்கு ஏதோ பழுதாம், இப்பதான் சொன்னவை. மற்றப் படகு எட்டரைக்குத்தான். அதிலை போனால் உம்மாலை நேரத்துக்குப் போகேலாது." திரும்பிக் கடல் பக்கம் பார்த்தார். "நாங்கள் ஆறு பேர் அதே ஊர்காவற்றுறைக் கோட்டடிக்குத்தான் போறம். உங்கடை றோலரை விடக்கூடாது எண்டு பதாகை பிடிக்க. என்ரை போட். அஞ்சரைக்கு வெளிக்கிடுறம். வாறதெண்டால் வாரும். ஆனால் போட்டிலை வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் கதைச்சீர் எண்டாலும் எல்லாருக்கும் விளங்கிப்போடும்."

அன்று நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

காலை ஐந்தரைக்கு இறங்குதுறையில் கடற்படைக் காவலரணில் பெயர் பதிய வேண்டும். அன்ரன் என் கடவுச்சீட்டை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தார். முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கோ போன் செய்தார். ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் கடவுச்சீட்டுக்குள் இருந்த ஆஸ்பத்திரித் துண்டு கீழே விழுந்துவிடுமோ என்பதுதான் என் நினைப்பு முழுக்க. அன்ரன் வந்து கடவுச்சீட்டைக் கொடுத்தார். துண்டு உள்ளே இருந்தது. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ளச் சொல்லி என்னைப் படகின் நடுவில் உட்கார வைத்தார்.

"இது ஆர்?" என்று ஒருவர் கேட்டார்.

"என்ரை மனிசியின்ரை ஆள். ஆஸ்பத்திரி அலுவலாப் போறா."

என் காலடியில் பதாகைகள். சாக்குத் துணியில் சிவப்பு மையால் எழுதியவை. தண்ணீர் தெறித்து மை கரைந்துவிடும் போலிருந்தது. யாரோ "தங்கச்சி, அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடியும்" என்றார். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மேலே இருந்த பதாகையில் 'எங்கள் கடலை விடு' என்று இருந்தது. அதைக் கட்டிப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் வந்தேன்.

சூசை என்ற வயதானவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினார். "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" தலையை ஆட்டினேன். "என்ன, பிள்ளை வாய் பேசாதோ?"

"அவவுக்குக் கடல் ஏலாது" என்றார் அன்ரன். "சத்தி வரும்."

எங்கள் அப்பா, தாத்தா, அவர் அப்பா எல்லாரும் கடல்தான். கடல் ஏலாதவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

குறிகட்டுவானில் எட்டு மணி தாண்டித்தான் அவர்களுக்கான வேன் வந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். புங்குடுதீவில் பூட்டிய பெரிய வீடுகள், நடுவில் கடல்மேல் போகும் பாதை, வேலணை, நாரந்தனை என்று வந்து ஊர்காவற்றுறை. ஐம்பது நிமிடம். வேனில் அவர்கள் பேசியதெல்லாம் வலை, டீசல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஒருவருடைய மகனின் கனடாப் பயணம். எங்கள் ஊர்ப் பேருந்தில் கேட்கும் அதே பேச்சு. ஒருவர் மட்டும், "விட்டால் அடுத்த கிழமையே திரும்பி வருவாங்கள்" என்றார். யாரும் மறுக்கவில்லை. என்னாலும் மறுக்க முடியவில்லை.

ஒன்பது ஐந்துக்கு நீதிமன்ற வாசல். வழக்கறிஞர் எதிர்ப்புறம் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் பதாகையை விரித்துக்கொண்டிருந்தபோது நான் ரோட்டைக் கடந்து போய், "அம்மா, வாங்கிட்டேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. சூசை ஐயா திரும்பினார்.

"அன்ரன், இது ஆரடா?"

"பிடிபட்ட பெடியன் ஒருத்தன்ரை தமக்கை."

"தெரிஞ்சோ ஏத்தினனீ?"

"ஓம். தெரிஞ்சுதான்."

சூசை ஐயா என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். யாரும் ரோட்டைக் கடந்து வரவில்லை. சிறைப் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டதும் எல்லாரும் பதாகையைத் தூக்கினார்கள்.

ஏழு பேரும் இறங்கினார்கள். ஜெரோம் இளைத்திருந்தான். நெற்றியில் விழுந்த காயம் ஆறிக்கொண்டிருந்தது. "இழுவைமடியை நிறுத்து" என்ற கோஷத்துக்குத் தலையைக் குனிந்தபடி நடந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர் அவன்மேல் மோதினார். எதிரே அன்ரனும் கோஷம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, கண் என்னையும் ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. எவன் என் தம்பி என்று தேடினார். கண்டுபிடித்தார்.

வழக்கு பன்னிரண்டு நிமிடம். விளக்கமறியல் என்கிற சிறைக்காவல் இரண்டு வாரம் நீண்டது. துண்டுகள் இரண்டையும் பார்த்து, சிறை மருத்துவர் மூலம் அதே மாத்திரையைக் கொடுக்கும்படி நீதவான் கட்டளையிட்டார். அலுவலர் ஒருவர் அங்கேயே என்னிடமிருந்து மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டார். ஜெரோமோடு நான்கு நிமிடம் பேச விட்டார்கள்.

"எப்படிக்கா வந்த?"

"போட்ல" என்றேன். அவன் நம்பவில்லை.

வெளியே வந்தபோது அன்ரன் தனியாக வேனடியில் நின்றார். மருந்து சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உம்மடை தம்பியிட்டை ஒண்டு சொல்லும். நான் லைற் அடிச்சனான் எண்டு சொல்லும். அவ்வளவும் காணும்."

சனிக்கிழமை திரும்ப வேண்டிய கப்பல் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள்: காற்று, ஆட்கள் குறைவு, இரண்டு அரசாங்கத்துக்கும் சரியில்லை. விடுதியில் ஒவ்வொரு மணிக்கும் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவை அடியோடு நின்றால் விமானம்தான், அதற்கு என்னிடம் வழியில்லை. ஞாயிறு காலை கப்பல் கிளம்பியது. காற்றுதான் காரணமாம்.

இனி போகப்போகிறவர்களுக்கு. பயண அனுமதியில் உண்மையான காரணத்தை எழுதலாமா என்று கிளம்புமுன் தூதரகத்திலோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள், நான் செய்தது போல் செய்யாதீர்கள். மருத்துவச் சீட்டு, ஆதார், படகுப் பதிவு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், யாரும் பிடிபடாத நாளிலேயே பாருங்கள். மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தவணைக்கு மூன்று நாள் முன்பாகவாவது போய்ச் சேருங்கள், கப்பலை நம்பித் திரும்பும் தேதியைக் குறிக்காதீர்கள். நெடுந்தீவில் வேலை இருந்தால் அங்கே ஓர் இரவு தங்குவதாகவே திட்டமிடுங்கள். மீன்பிடிப் படகில் ஏறாதீர்கள். எனக்கு வேறு வழியில்லை, அனுமதித்ததும் அன்றைய நாளின் அதிர்ஷ்டம். சிம் கார்டு யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம், அரை மணி நேரம் ஆகும்.

ஊர் கேட்டால் ஊரைச் சொல்லுங்கள். கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தைப் படகிலேயே கேட்டிருந்தால் அந்த மீன் துண்டைச் சாப்பிட்டிருப்பேன்.

ஜெரோம் ஏப்ரல் நடுவில் வீடு வந்தான். ஆறு மாதச் சிறை, ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். மறுபடி பிடிபட்டால் அது அப்படியே விழும். படகு அங்கேயே இருக்கிறது. வந்த மூன்றாம் நாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அன்ரன் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"இருட்டுல என்னக்கா தெரியும்" என்றான்.

பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

"லைட்ட பாத்தோம். திருப்ப நேரமாகும்னு டிரைவர் அண்ணன் விட்டுட்டாரு. மடி கனத்துச்சு. தூக்கிப் பாத்தா முழுக்க வலை. அறுத்து விட்டோம்."

"யாரு அறுத்தது?"

"நான்தான்."

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நேற்று மாலை படகுக்காரர் வீட்டுக்கு வந்தார். இன்னொரு படகு வாங்கியிருக்கிறாராம், ஜெரோமைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார். அவன் உள்ளறையில்தான் இருந்தான். கதவிடுக்கில் கையை ஆட்டி, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னான். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலுக்குப் போய், அவன் இல்லை என்றார்.